டேர்பைனுக்கு வைத்த சந்தனம்

நிலக்கரி மின்நிலையத்தில் வேலை செய்தவன் என்று சொன்னால், மானிப்பாயில் பலரும் முதலில் என் கைகளைத்தான் பார்க்கிறார்கள். நகக் கண்ணில் கரி ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தேடல். ஒட்டியிருக்காது. இத்தனை வருடச் சேவையில் நான் நிலக்கரியைக் கையால் தொட்டது, ஊருக்கு வரும்போது அண்ணையின் பேரனுக்குக் காட்டுவதற்காக ஒரு கட்டியைக் காற்சட்டைப் பைக்குள் போட்ட அன்றைக்குத்தான். அந்தக் காற்சட்டையை என் மனைவி சரஸ்வதி இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் சுபாங்கி என்றொரு பிள்ளை இருக்கிறாள். காற்றாலையில் எஞ்சினியர். இளம் எஞ்சினியர்மார் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள் என்று கட்டுரை கேட்டு வந்தவள், வந்த கையோடு என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாள்.

"அங்கிள், உங்களுக்கு மனச்சாட்சி உறுத்தேல்லையே? அவ்வளவு கரியையும் எரிச்சுப்போட்டு இஞ்சை வந்து சாய்மனைக் கதிரையிலை இருக்கிறியள்."

"பிள்ளை, எரிச்சது வேறை ஆக்கள். கொஞ்சமாய் எரியுங்கோ, கொஞ்சமாய் எரியுங்கோ எண்டு பின்னாலை நிண்டு கத்தினவன்தான் நான்."

"அப்ப அந்தக் கத்தினதை எழுதித் தாங்கோ."

எழுதுகிறேன். ஆனால் கத்தியது நானல்ல. கத்தாமலே அதைச் செய்த ஒரு மனிதர் இருந்தார். இது அவரைப் பற்றியது. நான் இடையிடையே வந்து தொந்தரவு கொடுப்பேன். வேலையிலும் அப்படித்தான்.

காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை ஓடிய காலத்தில் பயிலுநராகச் சேர்ந்து, ஸ்பானர் பிடிக்கப் பழகினேன். பிறகு நாடு இருந்த நிலையில் ஸ்பானரோடு ஓடவும் பழகினேன். சில காலம் கப்பல்களின் எஞ்சின் அறை. அங்கே வாந்தி எடுத்தபடியே வால்வு பூட்டலாம் என்று கண்டுபிடித்தேன். அதன்பின் மலேசியாவில் கடலோரமாக இருந்த ஒரு நிலக்கரி மின்நிலையத்தில் டேர்பைன் பகுதி. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். நீட்டினால் பொய் கலக்க வேண்டிவரும்.

அங்கே செயற்றிறன் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரே அளவு மின்சாரத்தைக் குறைந்த நிலக்கரியில் எப்படி எடுப்பது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அதன் தலைவர் தில்லையம்பலம். மயிலிட்டிக்காரர், கடலோடிக் குடும்பம். எல்லாருக்கும் அவர் 'சேர்'. காலையில் வந்ததும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகமாட்டார். கடல்நீர் உள்ளே வருகிற வாய்க்காலடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். நீரின் சூடு, பாசி, அலை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வருவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். ஒன்றுமே கேட்காவிட்டால் நாம் தொலைந்தோம் என்று பொருள்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டார்.

"குலசிங்கம், கொண்டென்சர் எப்பிடி?"

"நல்லாயிருக்குது சேர்."

"நீர் பாத்தனீரோ, கேட்டனீரோ?"

நான் கேட்டதுதான். முறைப்பணியில் நின்றவன் சொன்னான், நான் கடத்தினேன்.

"போய்ப் பாத்திட்டு வாரும்."

போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாத்தனான் சேர், சரி" என்றேன்.

"மானியிலை ஊசி நிண்டதோ, ஆடினதோ?"

திரும்பிப் போனேன். ஆடியது. வந்து சொன்னேன்.

"எந்தப் பக்கம் கூட ஆடுது ஐசே?" அவர் வாயில் நாங்கள் எல்லாரும் 'ஐசே'தான்.

மூன்றாவது முறை போய் வந்தபோது கன்ரீன் மூடிவிட்டார்கள். உள்ளுக்குள் திட்டிக்கொண்டே அறைக்குள் போனால், அவருடைய சாப்பாட்டுப் பெட்டியும் திறக்காமல் மேசையில் இருந்தது. எனக்காகக் காத்திருந்திருக்கிறார். ஒரு மனிதரைத் திட்டுகிற உரிமையைக்கூட அவர் மிச்சம் வைக்கவில்லை. இருவரும் அவருடைய புட்டைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

கொண்டென்சர் என்றால் என்னவென்று சொல்லாமல் மேலே போக முடியாது. சுபாங்கிக்குத் தெரியும், ஆனால் மலரை அவளுடைய அம்மாவும் படிப்பார்.

கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவர்கள் எழும்பினால்தான் வாசலில் நிற்பவர்கள் உள்ளே வரலாம். நீராவி டேர்பைனுக்குள் பாய்ந்து, அதன் இலைகளைச் சுழற்றிவிட்டு, வெளியேறுகிற இடம் கொண்டென்சர். அங்கே கடல்நீர் ஓடும் குழாய்களில் பட்டு நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது. தண்ணீராகும்போது அது கொஞ்சூண்டு அளவாகச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய இடம் வெறுமையாகிறது. அந்த வெறுமையை நாங்கள் வக்கியூம் என்போம். வெறுமை கூடக்கூட, மேலிருந்து வரும் நீராவி இன்னும் வேகமாக இறங்கும். அதே கரிக்குக் கூடுதல் மின்சாரம்.

இதற்குள் வெளிக்காற்று புகுந்தால்? காற்று சுருங்காது. அழைக்காத ஆள் பந்தியில் வந்து குந்தி, சாப்பிடாமலும் எழும்பாமலும் இருப்பதுபோல அங்கேயே இருக்கும். வெளியே உறிஞ்சி எடுக்கப் பம்பு உண்டு. ஆனால் ஓட்டை பெரிதானால் பம்பு தோற்றுவிடும். மயிர் அகல வெடிப்பு ஒன்று போதும். நாள் முழுக்கக் கரியை வீணாக எரிக்கலாம். இதில் இன்னொரு கரைச்சல், காற்று உள்ளே போகிற ஓட்டையில் சத்தமும் வராது, ஒழுக்கும் வராது. எதுவும் வெளியே வந்தால்தானே கண்ணில் படும்.

அதைப் பிடிக்கச் சேர் வைத்திருந்த வழி ஊதுபத்தி. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொளுத்திய ஊதுபத்தியைப் பூட்டுகள், வால்வுக் கழுத்துகள், குழாய்ப் பொருத்துகள் எல்லாவற்றின் அருகிலும் மெல்லக் கொண்டுபோக வேண்டும். புகை நேரே மேலே போனால் அங்கே பிழையில்லை. புகை வளைந்து இரும்புக்குள் நுழைந்தால் அதுதான் இடம். ஜெனரேற்றர் பக்கம் மட்டும் ஊதுபத்தி எட்டியும் பார்க்கக்கூடாது. அங்கே ஐதரசன் வாயு இருக்கும். நெருப்புப் பட்டால் பிறகு எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஊதுபத்தி கொளுத்த வேண்டியதுதான்.

இந்த வேலைக்குச் சேர் என்னைத்தான் அனுப்புவார். தலைக்கவசமும் காதுமூடியும் போட்டுக்கொண்டு, கையில் ஊதுபத்தியோடு டேர்பைனைச் சுற்றிச் சுற்றி வருகிற ஒரு யாழ்ப்பாணத்தானைக் கற்பனை செய்து பாருங்கள். முதல்நாள் முனியாண்டி என்கிற மலேசியத் தமிழ்த் தம்பி, இயந்திரம் பூட்டிக் கழற்றுகிற எங்கள் பிற்றர், என்னைக் கண்டதும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றான். விளக்கம் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? சட்டைப் பையில் இருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசினேன். அன்றிலிருந்து நான் 'டேர்பைன் பூசாரி'. பட்டத்தைக் கழற்றப் பிறகு எவ்வளவோ முயன்றேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு அது பிடித்திருந்தது.

இனிக் கதைக்கு வருகிறேன்.

ஒரு வருடம் எங்கள் இயந்திரம் ஒன்றின் வக்கியூம் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. கரிச் செலவு ஏறியது. வெளியே இருந்து ஒரு கம்பனியை அழைத்தார்கள். மினுக்கிய சப்பாத்தோடு வந்து பார்த்தவர்கள், "டேர்பைன் இலைகள் தேய்ந்துவிட்டன. மூடியைத் திறந்து புது இலைகள் போட வேண்டும்" என்றார்கள். மூடியைத் திறப்பதென்றால் இயந்திரம் மாதக் கணக்கில் நிற்கும். செலவோ சொல்ல வேண்டாம்.

சேர் மறுத்தார். இலைகள் தேய்ந்தால் டேர்பைனின் நடுப்படிகளில் அமுக்கம் மாறவேண்டும். அது மாறவில்லை. கொண்டென்சர் குழாய்கள் சுத்தம். கடல்நீர் வழமைபோல. பம்பு வெளியே தள்ளுகிற காற்றோ கூடிக்கொண்டே போகிறது. ஆகவே எங்கோ காற்று புகுகிறது. கூட்டத்தில் இதை அவர் தம் இறங்கிய குரலில் சொல்ல, மேலாளர் கேட்டார்: "எங்கே?" சேர், "அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் காட்டுகிறேன். காட்டாவிட்டால் திறவுங்கள். அதோடு நானும் வீட்டுக்குப் போகிறேன்" என்றார்.

வெளியே வந்தபின் நான் கேட்டேன்: "ஏன் சேர் உந்தக் கடைசி வசனம்?"

"என்ரை சொல்லிலை நம்பிக்கை இல்லாத இடத்திலை நான் இருந்து என்ன செய்யிறது காணும்?"

அவருக்கு ஓய்வு பெறும் வயது வரவில்லை. கடைசி மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

நானும் முனியாண்டியும் பெட்டி பெட்டியாக ஊதுபத்தி முடித்தோம். டேர்பைன் மண்டபம் கோயில் மாதிரி மணத்தது. புகை எங்கேயும் வளையவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூசை வந்தது. நிலையத்தில் நாங்கள் தமிழர்கள் வருடா வருடம் அனுமதி வாங்கிச் செய்வோம். பொங்கல், அவல், கடலை, மற்ற இனத்து நண்பர்களுக்கும் வயிறு நிறைய. பிறகு கருவிகளுக்கும் இயந்திரங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது. இதற்குப் பூசாரியாகிய என்னைவிட்டால் யார்? முனியாண்டி ஒரு சட்டி நிறையச் சந்தனம் குழைத்துத் தந்தான். நான் அளவு தெரியாதவன். சட்டி முடியும்வரை வைப்பதென்று இறங்கிவிட்டேன். பம்பு, வால்வு, பூட்டு, குழாய் என்று கண்ட இடமெல்லாம் பொட்டு.

கடைசியில், கொண்டென்சருக்கு நேர் மேலே இருக்கிற தாழ் அமுக்க டேர்பைனின் முதுகில் ஏறினேன். அங்கே வட்டமான மெல்லிய ஈயத் தகடுகள் நாலு உண்டு. உள்ளே தப்பித்தவறி அமுக்கம் ஏறினால் தாமாகக் கிழிந்து இயந்திரத்தைக் காப்பாற்றுகிற தகடுகள். மேலே கம்பிக் கூண்டு. அதில் ஒரு தகடு வழுவழுவென்று வெளிச்சத்தில் மின்னியது. எங்கள் சேருடைய தலையும் அப்படித்தான், ஒரு மயிர் கிடையாது. சட்டியில் இன்னும் சந்தனம் இருந்தது. பக்கத்தில் ஆளில்லை. கூண்டுக்குள் விரலை விட்டு மூன்று குறி இழுத்தேன், பொட்டு வைத்தேன், கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்தேன். நன்றாகவே வந்தது. இதை யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. அன்று பின்னேரமே சரஸ்வதிக்குப் போன் எடுத்துச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த நாள் விடுமுறையில் ஊருக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் வேலி அடைத்துக்கொண்டிருந்தபோது சேரிடமிருந்து வீடியோ கோல். விடுமுறையில் இருப்பவனை அவர் அழைத்ததே இல்லை. நான் பதறிச் சட்டையைத் தேடினேன்.

"குலசிங்கம், ஆயுத பூசை அண்டைக்கு நீர் என்ன செய்தனீர்?"

"பொங்கல் கொஞ்சம் கூடச் சாப்பிட்டிட்டன் சேர். வேறையொண்டும்..."

"பகிடியை விடும். பூசைக்குப் பிறகு வக்கியூம் ஏறினது. நல்லாய் ஏறினது. சுமையும் அதேதான், கடல்தண்ணியும் அதேதான். நேற்றுப் பாதுகாப்பு அதிகாரி, சந்தனம் வழுக்குமெண்டு எல்லாத்தையும் சவுக்காரம் போட்டுத் துடைக்கச் சொல்லிப்போட்டார். வக்கியூம் திரும்ப விழுந்திட்டுது."

எனக்கு ஒருகணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வக்கியூம் இழுக்கிற இழுவையில் சந்தனம் வெடிப்புக்குள் போய் அடைத்திருக்கிறது. நான் வைத்த பொட்டுகளில் ஏதோ ஒன்று ஓட்டையின் மேல் விழுந்திருக்கிறது.

"இவங்கள் இண்டைக்கு விடிய இன்னொருக்கால் பூசை செய்து பாத்தவங்கள். ஒண்டும் நடக்கேல்லை. நீர் வைச்ச இடத்திலை இவங்கள் வைக்கேல்லை."

பின்னாலிருந்து முனியாண்டியின் குரல்: "அண்ணே, உங்க கைராசி அண்ணே! நீங்க போனதும் சாமி கோவிச்சுக்கிச்சு!"

"பிள்ளையார் லீவிலை போறேல்லை முனியாண்டி" என்றார் சேர், திரும்பிப் பார்க்காமல். "குலசிங்கம், நாளையிண்டைக்குத் திங்கட்கிழமை. எங்கெங்கை வைச்சனீரெண்டு ஒவ்வொண்டாய்ச் சொல்லும். முனியாண்டி சந்தனத்தோடையும் வோக்கிடோக்கியோடையும் இயந்திரத்தடியிலை நிப்பான். நான் இஞ்சை வாசிப்பைப் பாத்துக்கொண்டிருப்பன்."

கைராசி என்று கேட்டதில் எனக்கு வந்த பெருமை, அடுத்த நொடியே இறங்கிவிட்டது. நூற்றுக்கணக்கில் வைத்த பொட்டு. யாருக்கு நினைவிருக்கும்? கதிரையில் இருந்து யோசித்தால் ஒன்றும் வரவில்லை. என் மூளை என் காலில்தான் இருக்கிறது. நடந்தால்தான் வேலை செய்யும். எனவே வீட்டைச் சுற்றியுள்ள வளவுக்குள் இறங்கினேன். அடுப்பெரிகிற குசினி சூடான பக்கம், அது உயர் அமுக்க டேர்பைன். கிணறு கொண்டென்சர். கிணற்றுக்கும் குசினிக்கும் நடுவில் நின்ற தென்னைகள் குழாய்கள். கையில் சட்டி இருந்தால்தான் நினைவு வருமென்று சரஸ்வதியின் சந்தனக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டேன். போனை அவளிடம் பிடிக்கக் கொடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, என்ன இது? ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?"

"நீ போனை நேரை பிடி. சேரின்ரை வேலை போகப்போகுது."

அவளுடைய முகம் மாறியது. அதன்பின் ஒன்றும் கேட்காமல் என் பின்னாலேயே நடந்தாள்.

"குசினியாலை வெளிக்கிட்டு வாறன் சேர். முதல் கழுத்துப் பூட்டிலை, இடக்கைப் பக்கம் ஒண்டு." தென்னையில் ஒரு பொட்டு வைத்தேன்.

அங்கே முனியாண்டி அதே இடத்தில் சந்தனம் வைத்தான். இரைச்சலுக்குள் "வச்சாச்சு!" என்று கத்தினான்.

"பொறும்" என்றார் சேர். நாங்கள் பொறுத்தோம். வக்கியூம் அவசரக்காரன் இல்லை. ஏறுவதென்றாலும் மெல்லத்தான் ஏறும். "இல்லை. அடுத்தது."

அடுத்த தென்னை. "பொறும்... இல்லை."

வெப்பமானிக் குழி, வடிநீர் வால்வு, பெரிய மூடித் துவாரம், பம்பின் கழுத்து. வளவில் எல்லாம் பொட்டு. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மணியண்ணை தலையை நீட்டினார்.

"என்ன சரசு, குலத்துக்கு ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை அண்ணை, மலேசியாவிலை கரண்டு திருத்துறார்."

மணியண்ணை மெல்லத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் இன்றைக்கும் என்னோடு பேசும்போது ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறார்.

கிணற்றைச் சுற்றி முடித்து, துலாக்காலிலும் ஒன்று வைத்து முடித்தேன். எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே பதில். "இல்லை."

"அவ்வளவுதானோ?" என்றார் சேர்.

தகட்டில் வரைந்த முகம் நினைவுக்கு வந்து வெகு நேரமாகிவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? அந்தத் தகடுகளைப் போன பராமரிப்பின்போதுதான் மாற்றினார்கள். புதுத் தகட்டில் எப்படிக் காற்றுப் புகும், தேவையில்லாமல் ஏன் மனிதரை நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே வழக்குப் பேசி எனக்கே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

"அவ்வளவுதான் சேர்."

சேருக்குக் கோபம் இல்லை. "சரி காணும். நீர் ஏலுமான அளவு செய்திட்டீர். போய்ச் சாப்பிடும்" என்றார். அந்தக் குரலில் திங்கட்கிழமை கேட்டது. வாயைத் திறந்தேன். எனக்கு முன்னம் சரஸ்வதி திறந்துவிட்டாள்.

"சேர், போனை வையாதேங்கோ! இவர் உங்கடை மொட்டந்தலையைப் படமாய்க் கீறினவராம், அதைச் சொல்லேல்லை!"

கிணற்றுக்குள் குதிக்கலாமா என்று பார்த்தேன். தண்ணீர் குறைவாக இருந்தது.

அந்தப் பக்கத்தில் நீண்ட நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றுமே கேட்காவிட்டால் என்ன பொருளென்று மேலே எழுதியிருக்கிறேன்.

பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி. "எதிலை கீறினீர்?"

"முதுகிலை இருக்கிற ஈயத் தகட்டிலை சேர். கடற்பக்கத்து ரெண்டாவது. ஆனால் அது புதுசு சேர்..."

"புதுசெண்டு நான் கேட்டதுதான், ஐசே. பாக்கேல்லை. மற்றவனைப் பாத்தனீரோ எண்டு கேக்கிற நான் கூண்டைக் கழற்றிப் பாத்திருக்க வேணும்." ஒரு மூச்சு. "முனியாண்டி, மேலை ஏறு. கூண்டைக் கழற்று. தகட்டிலை கையை ஊண்டாதை, கிழிஞ்சிடும். குலசிங்கம், நீர் கீறினமாதிரியே சொல்லும். ஒண்டையும் விடாமல், ஒழுங்கு மாறாமல்."

முனியாண்டி ஏறினான். நான் கிணற்றடியில் நின்று, என் மேலதிகாரியின் முகத்தை எப்படி வரைவதென்று, அந்த மேலதிகாரி கேட்டுக்கொண்டிருக்க, சொல்லத் தொடங்கினேன். என் சேவைக் காலத்தில் இதைவிட நீண்ட பத்து நிமிடம் வேறில்லை.

"முதல் மூண்டு குறி, தம்பி. நெத்தியிலை."

"போட்டாச்சு அண்ணே!"

"பொறும்" என்றார் சேர். "இல்லை. அடுத்தது."

"பொட்டு."

"இல்லை. அடுத்தது."

"கண்... ரெண்டு கண்."

"எல்லாருக்கும் ரெண்டுதான் ஐசே. பொறும். இல்லை."

"மூக்கு. கொஞ்சம்... கொஞ்சம் பெரிசாய்."

சரஸ்வதி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். போன் ஆடியது.

"இல்லை. வேறை?"

"வாய் சேர்."

"என்ன மாதிரி வாய்? விளக்கமாய்ச் சொல்லும், அவனுக்குத் தெரியாதெல்லே."

"சிரிக்கிற வாய் சேர். கீழை விளிம்போடை, வளைச்சு."

ஏன் சிரிக்கிற வாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இத்தனை வருடத்தில் நான் காணாத ஒன்றைச் சந்தனத்திலாவது காண ஆசைப்பட்டேன் என்று.

"போட்டாச்சு அண்ணே!" என்று கத்திய முனியாண்டி, அடுத்த கணம், "அண்ணே, சந்தனத்தை உள்ளுக்கு இழுக்குது! இழுக்குது அண்ணே!" என்று கூவினான்.

"பொறும்" என்றார் சேர்.

பொறுத்தோம். சரஸ்வதி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். துலாக்காலில் நான் வைத்த பொட்டைக் காகம் ஒன்று வந்து கொத்திப் பார்த்தது.

"ஏறுது" என்றார் சேர். அவருடைய குரல் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. "ஏறுது குலசிங்கம்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஐசே, அந்த வாயை இன்னும் கொஞ்சம் அகட்டிப் போடச் சொல்லும்" என்றார்.

முனியாண்டி அகட்டினான். வக்கியூம் முழுதாக வந்து நின்றது.

தகட்டின் விளிம்பு மடிப்போடு ஒரு வெடிப்பு, நகத்தால் கீறியதுபோல. நெருப்புப் பட்டால் தகடு உருகுமென்று ஊதுபத்தியைக் கூண்டுக்கு வெளியே தள்ளிப் பிடித்ததால், எங்கள் புகை அந்த மடிப்பை எட்டவே இல்லை. தகடு ஆபத்து வந்தால் கிழிய வேண்டியது. அதனால் தடிப்பாக எதையும் ஒட்டக்கூடாது என்று சொல்லி, மெல்லிய பசையைத் தாமே நின்று பூசுவித்து, அடுத்த நிறுத்தத்தில் தகட்டையே மாற்றினார். திங்கட்கிழமை வாசிப்புகளைக் காட்டியதும், மூடியைத் திறக்கும் யோசனையை மேலாளர் கைவிட்டார். மினுக்கிய சப்பாத்துக்காரர்கள் போய்விட்டார்கள். சேர் ஓய்வு வயது வரும்வரை அங்கேயே இருந்தார். மகளும் படிப்பை முடித்தாள்.

அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. ஊரில் தென்னை மரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுபோன சாக்கில் உள்ளே நின்ற முனியாண்டி பிறகு சொன்னான். எல்லாம் முடிந்தபின் மேலாளர் கேட்டாராம்: "இவ்வளவு நாளும் தேடிய ஓட்டை கடைசியில் எங்கேதான் இருந்தது, மிஸ்டர் தில்லையம்பலம்?"

ஈயத் தகட்டில் என்று சொல்லியிருக்கலாம். அதுவே போதுமானது. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி மட்டுமே சொல்லத் தெரிந்த மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்னுடைய வாயில்" என்றாராம்.